முதல் கைத்துப்பாக்கி எது: கிளாக் 19-உம் அதோடு ஒப்பிட வேண்டிய நான்கும்

முதன்முதலாகக் கைத்துப்பாக்கி வாங்குகிறவர் கிளாக் 19-ஐயோ, அதே பருமனில் வரும் இன்னொரு 9 மி.மீ. பிஸ்டலையோ வாங்குவது நல்லது. தீர்ப்பு இதுதான். இது யாருக்குப் பொருந்தாது, வாங்கியபின் எங்கே தவறு நடக்கும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒப்பிட எடுத்துக்கொண்டவை நான்கு: ஸ்மித் அண்ட் வெசன் எம் அண்ட் பி 2.0 காம்பேக்ட், சிக் சாவர் பி365, ஸ்மித் அண்ட் வெசன் 642 ரிவால்வர், ரூகர் மார்க் 4. சில நாடுகளில் 9 மி.மீ. தோட்டா பொதுமக்களுக்குத் தடை. அங்கே சட்டம் எந்த அளவை அனுமதிக்கிறதோ அந்த அளவில் தேடுங்கள்; கீழே சொல்லும் அளவுகோல்கள் மாறாது.

புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சின்னத் துப்பாக்கியை எடுக்கிறார்கள். கடையில் கையில் வைத்துப் பார்த்தால் அடக்கமாக இருக்கிறது, பயமுறுத்தவில்லை. சுடுதளத்தில் கதை தலைகீழ். ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியின் எடை குறையக் குறையப் பின்னுதை கூடும். 15 தோட்டாக்கள் நிரம்பிய கிளாக் 19 சுமார் 850 கிராம். 10 தோட்டாக்கள் நிரம்பிய பி365 சுமார் 630 கிராம். எடையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால் பி365-இன் பின்னுதை ஆற்றல் கிளாக்கைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். பிடியும் குட்டையாக இருப்பதால் அந்த அதிர்வைத் தாங்க உள்ளங்கை முழுவதும் உதவிக்கு வராது. நூறு ரவுண்டு சுட வந்தவர் முப்பதிலேயே கையை உதறத் தொடங்குவார். அதோடு நிற்காது. அடுத்த வெடிப்பை எதிர்பார்த்துக் கண் சிமிட்டவும், விசையை இழுக்கும் கணத்தில் குழல்முனையைக் கீழே அழுத்தவும் கை பழகிவிடும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் களைவது எளிதல்ல.

தோட்டாவில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. 1902-இல் கியோர்க் லூகர் வடிவமைத்த 9x19 மி.மீ. இன்று மிகப் பரவலாகக் கிடைக்கும் பிஸ்டல் தோட்டா. குண்டு பொதுவாக 115, 124, 147 கிரெய்ன் என மூன்று எடைகளில் வரும், அதாவது சுமார் 7.5, 8, 9.5 கிராம். பயிற்சிக்கு 115 அல்லது 124 கிரெய்ன் முழு உறைத் தோட்டா (குண்டை உலோகத் தகடு மூடியிருக்கும் வகை) போதும். தற்காப்புக்கு, சட்டம் அனுமதித்தால், முனை குழிந்த ஹாலோ பாயின்ட். முழு உறைக் குண்டு இலக்கைத் துளைத்துக்கொண்டு பின்னால் இருப்பதையும் தாக்கும் வாய்ப்பு அதிகம். .380 ஏசிபி என்ற வலுக்குறைந்த தோட்டா மென்மையானது என்று நம்பி ரூகர் எல்சிபி போன்ற 300 கிராமுக்கும் குறைவான பிஸ்டலை வாங்குவது, மேலே சொன்ன அதே தவறின் இன்னொரு வடிவம். .45 ஏசிபி, .357 மேக்னம் போன்ற பெரிய தோட்டாக்கள் எல்லாம் இரண்டாவது துப்பாக்கியின்போது பேசிக்கொள்ளலாம்.

கைக்குப் பொருந்துகிறதா?

கடையில் எடுத்துப் பார்க்கும்போது சோதிக்க வேண்டியது இது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள வளைவு, பிடியின் பின்புறத்தில் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே உட்கார வேண்டும். அப்போது குழல் உங்கள் முன்கையின் நேர்கோட்டில் நிற்க வேண்டும். அந்தப் பிடியைத் தளர்த்தாமலே ஆள்காட்டி விரலின் முதல் கணுவுக்கு முன்னாலுள்ள சதை விசையின் நடுவில் படவேண்டும். விரல் எட்டாமல் நுனி மட்டும் பட்டால், பிடி உங்கள் கைக்குப் பெரிது. இழுக்கும்போது துப்பாக்கி பக்கவாட்டில் திரும்பும். கணு வரை உள்ளே போய்விட்டால் பிடி சிறிது. இந்தச் சோதனையில் தோற்கும் துப்பாக்கியை, எவ்வளவு பேர் புகழ்ந்திருந்தாலும், வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் மேற்புறத்தில் முன்னும் பின்னும் ஓடும் உலோகப் பகுதி. பலருக்கு, குறிப்பாக மணிக்கட்டில் வலியோ மூட்டுவாதமோ உள்ளவர்களுக்கு, ஸ்லைடைப் பின்னால் இழுப்பதுதான் பெரிய தடை. பாதிப் பேருக்குப் பிரச்சினை பலத்தில் இல்லை, முறையில் இருக்கிறது. கையை நீட்டி வைத்து இழுக்காமல் துப்பாக்கியை மார்புக்கு அருகில் கொண்டு வாருங்கள். குழல்முனை பாதுகாப்பான திசையிலேயே இருக்கட்டும். மறு கையின் நான்கு விரல்களும் உள்ளங்கை அடியும் ஸ்லைடின் பின்பகுதியை மேலிருந்து கவ்வட்டும். ஸ்லைடைப் பிடித்த கை அப்படியே நிற்க, பிடியிலுள்ள கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளுங்கள். கடைசிவரை வந்ததும் ஸ்லைடைச் சட்டென விட்டுவிட வேண்டும். கூடவே கையைக் கொண்டுபோய் மெதுவாக மூடினால் தோட்டா சரியாக உள்ளே உட்காராது. இப்படிச் செய்தும் முடியாதவர்களுக்கென்றே ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்ட் ஈஸீ வரிசை இருக்கிறது: 2018-இல் .380-இல் வந்தது, பிறகு 9 மி.மீ.-இலும் வந்தது. உள்ளே சுத்தியல் அமைப்பு இருப்பதால் ஸ்லைடு வில்லின் இறுக்கம் குறைவு. மேகசினில் (தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகும் பெட்டி) 8 தோட்டா.

கிளாக் 19

கிளாக் 17 ஆஸ்திரிய ராணுவத்துக்காக 1980-களின் தொடக்கத்தில் பிறந்தது. அதன் சிறிய உருவமான 19 வந்தது 1988-இல். குழல் 102 மி.மீ., மேகசின் 15 தோட்டா, உடற்சட்டம் பாலிமர் என்ற பிளாஸ்டிக் வகை. 2017-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் பிடியின் முன்பக்கம் இருந்த விரல் பள்ளங்களை எடுத்துவிட்டார்கள். அந்தப் பள்ளங்கள் சராசரிக் கைக்கென்று செய்தவை. சிறிய விரல்காரர்களுக்கு மேடு விரலின் நடுவில் வந்து குத்தும். அவற்றை நீக்கியது இந்தத் துப்பாக்கியில் நடந்த மிக நல்ல மாற்றம். ஸ்லைடைப் பின்னால் பூட்டி நிறுத்தும் ஸ்லைடு ஸ்டாப் இரு பக்கமும் உண்டு, மேகசின் பொத்தானை இடம் மாற்றலாம். ஆகவே இடக்கைக்காரர்களும் தயங்க வேண்டாம்.

விசை சுமார் இரண்டரை கிலோ அழுத்தம் கேட்கும். முதலில் சற்றுத் தளர்வாக நகர்ந்து, ஒரு சுவரில் முட்டியதுபோல் நின்று, பிறகு விடுபடும். விசை அழகானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் முதல் குண்டிலிருந்து கடைசிக் குண்டுவரை ஒரே மாதிரி இருக்கும், கற்பவருக்கு அதுதான் தேவை. பெரெட்டா 92, சிஇசட் 75 போன்றவற்றில் முதல் இழுப்பு நீளமும் கனமும், அடுத்தவை குட்டையும் லேசும். அருமையான துப்பாக்கிகள், ஆனால் இரண்டு விதமான இழுப்பைக் கற்க வேண்டும், சுட்டு முடித்ததும் சுத்தியலைப் பாதுகாப்பாக இறக்கவும் தெரிய வேண்டும்.

குறைகளும் உண்டு. ஆலையில் பொருத்தி வரும் சாதாரண சைட் (குறிபார்க்கும் முனைகள்) பிளாஸ்டிக். துப்பாக்கி வைக்கும் உறையில் உரசி உரசித் தேயும். உலோக சைட்டாக மாற்றுவது நான் நியாயப்படுத்தும் ஒரே மாற்றம். பிடியின் சாய்வு அதிகம் என்பதால், மற்றத் துப்பாக்கிகளில் பழகிய கைக்குக் குழல்முனை மேல்நோக்கியே நிற்கும். முதல் துப்பாக்கியே இதுவானால் அந்தத் தொல்லை இல்லை. கையால் போடும் பாதுகாப்புத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே மூன்று தானியங்கிப் பாதுகாப்புகள் இருக்கின்றன, ஆனால் அவை கீழே விழுந்தால் வெடிக்காமல் காக்குமே தவிர, விசையில் விரலோ துணியோ பட்டு அழுத்தினால் காக்காது.

கிளாக்கின் பெரிய அபாயம் வேறு. பிரித்துச் சுத்தம் செய்ய விசையை இழுத்தாக வேண்டும். ஸ்லைடை மூன்று நான்கு மி.மீ. பின்னுக்கு இழுத்து, இரு பக்கமும் உள்ள சிறு தாழ்ப்பாளைக் கீழே இறக்கி, ஸ்லைடை முன்னால் கழற்றுவதற்கு முன், அந்த ஒரு விசை இழுப்பு உண்டு. சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில், தோட்டா இருந்தால் அது வெடிக்கும். எப்படி அங்கே தோட்டா இருக்கும்? வரிசை மாறினால் இருக்கும். முதலில் ஸ்லைடை இழுத்துத் தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு, பிறகு மேகசினைக் கழற்றினால், இழுத்த ஸ்லைடு திரும்பும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிட்டிருக்கும். மேகசின் கையில் இருக்கிறது, ஒரு தோட்டா தரையில் கிடக்கிறது, துப்பாக்கி காலி என்று மனம் நம்பிவிடும். எனவே எப்போதும் மேகசின் முதலில். பிறகு ஸ்லைடை இரண்டு மூன்று முறை இழுத்து, பின்னால் பூட்டி நிறுத்தி, சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியை விட்டுத் தொட்டும் பார்க்க வேண்டும். அதன் பிறகும் குழல்முனை குண்டைத் தாங்கக்கூடிய திசையில் இருக்கும்போதுதான் விசை.

எம் அண்ட் பி 2.0 காம்பேக்ட் இங்கேதான் முந்துகிறது. ஸ்லைடைப் பின்னால் பூட்டி, பக்கத்துத் தாழ்ப்பாளைத் திருப்பி, உள்ளேயுள்ள சிறு நெம்புகோலைக் கீழே அழுத்தினால் விசையைத் தொடாமலே பிரித்துவிடலாம். நான்கு அளவுப் பிடித்தகடுகள் வருகின்றன. கையால் போடும் தாழ்ப்பாளுடனும் கிடைக்கிறது. பிடியின் சொரசொரப்பு ஈரக்கையிலும் நழுவாது, ஆனால் வெறும் உடம்போடு ஒட்டி அணிந்தால் தோலை உரசும். குழல் நீளமும் தோட்டா எண்ணிக்கையும் கிளாக் 19 போலவே. இரண்டில் எது கையில் நன்றாக உட்காருகிறதோ அதை எடுங்கள். இரண்டும் சமமாக உட்கார்ந்தால், வீட்டில் இன்னொருவரும் துப்பாக்கியைக் கையாளுவார் என்றால் எம் அண்ட் பி, உறையும் உதிரிபாகமும் எளிதில் கிடைக்க வேண்டும் என்றால் கிளாக்.

பி365 2018-இல் வந்தபோது அந்தச் சிறு உடலில் 10 தோட்டா என்பது வியப்பாக இருந்தது. 79 மி.மீ. குழல், காலி மேகசினோடு அரைக் கிலோ. தினமும் மறைத்து அணிய வேண்டியவருக்கு இது நல்ல துப்பாக்கி. சுடக் கற்றுக்கொள்ள நல்ல துப்பாக்கி அல்ல. இதையேதான் வாங்கியாக வேண்டும் என்றால் 12 தோட்டா நீள மேகசினைச் சேர்த்து வாங்குங்கள். சுண்டுவிரலுக்கு இடம் கிடைப்பது பெரிய வித்தியாசம்.

642-ஐப் புதியவர்களுக்குப் பரிந்துரைப்பது இன்னும் நிற்கவில்லை: ஸ்லைடு இல்லை, மேகசின் இல்லை, எளிமை. இயக்கம் எளிமைதான், சுடுவது எளிமையல்ல. சுமார் 410 கிராம் எடையுள்ள துப்பாக்கியின் விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கும் மேல் அழுத்தம் வேண்டும், துப்பாக்கியின் எடையைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். கிளாக்கில் இது மூன்று மடங்கு. இழுக்கும்போதே குழல் ஆடாமல் வைத்திருப்பது அனுபவசாலிகளுக்கே சவால். ஐந்தே தோட்டா, இரண்டு அங்குலத்துக்கும் குறைந்த குழல், சின்னச் சின்ன சைட். ரிவால்வரேதான் வேண்டும் என்றால் நான்கு அங்குலக் குழலும் ஒரு கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட ரூகர் ஜிபி100-ஐ எடுத்து, அதில் .38 ஸ்பெஷல் தோட்டா போட்டுச் சுடுங்கள். .357 மேக்னம் துப்பாக்கியில் .38 போடலாம்; .38 துப்பாக்கியில் .357 போடக்கூடாது. .38-ஐ அதிகம் சுட்டால் சேம்பருக்குள் கரிவளையம் படியும், அதைத் தேய்த்து எடுக்காவிட்டால் பிறகு .357 தோட்டா முழுதாக உள்ளே போகாது. ரிவால்வரில் விரல் எதுவும், தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டரின் முன்விளிம்பைத் தாண்டக் கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் பக்கவாட்டாகப் பீறிடும் சூடான வாயு விரலைக் கிழிக்கும்.

ரூகர் மார்க் 4 தனி வகை. சுடுவது .22 எல்ஆர் என்ற சிறு தோட்டா, பின்னுதை கிட்டத்தட்ட இல்லை, தோட்டா மலிவு, பின்னால் உள்ள ஒரே பொத்தானை அழுத்தினால் பிரிந்துவிடும். சைட்டை ஒழுங்காக வைப்பது, விசையை நிதானமாக இழுப்பது இரண்டையும் கற்க இதைவிட நல்ல கருவி இல்லை. தற்காப்பு உங்கள் நோக்கமே இல்லை என்றால், முதல் துப்பாக்கியாக கிளாக்கையும் தள்ளிவைத்து இதை வாங்கச் சொல்வேன். .22 தோட்டாவில் விளிம்பில்தான் பற்றுமருந்து (அடிபட்டதும் தீப்பற்றும் மருந்து). அது சீராகப் பரவாமல் போனால் அடித்தும் வெடிக்காமல் நிற்பது 9 மி.மீ.-ஐவிட அதிகம்.

எங்கே சிக்கும், ஏன் சிக்கும்

புதியவர் கையில் பிஸ்டல் சிக்கினால் முதலில் பார்க்க வேண்டியது மணிக்கட்டு. ஸ்லைடு பின்னால் போய்வர, உடற்சட்டம் அசையாமல் நிற்க வேண்டும். மணிக்கட்டு தளர்ந்தால் உடற்சட்டமும் சேர்ந்து பின்னால் போகும், ஸ்லைடு முழுத் தூரம் ஓடாது, சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியேறும் துளையிலேயே செங்குத்தாக மாட்டிக்கொண்டு நிற்கும். லேசான பாலிமர் பிஸ்டல்களில் இது அதிகம். கடைசித் தோட்டா சுட்டபின் ஸ்லைடு திறந்து நிற்கவில்லையா? கட்டை விரல் ஸ்லைடு ஸ்டாப்பின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும். கிளாக்கில் இது அன்றாடக் காட்சி. மறு கையின் கட்டை விரலை ஸ்லைடுக்குப் பின்னால் குறுக்காக வைக்கவே கூடாது. பின்னால் வரும் ஸ்லைடு அதை ஆழமாக வெட்டும். இரண்டு கட்டை விரல்களும் ஒரே பக்கம், முன்னோக்கி.

விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழல்முனையை இலக்கின் திசையிலேயே வைத்து 30 வினாடி காத்திருங்கள், தாமதமாக வெடிக்கலாம். வழக்கமான சத்தம் இல்லாமல் ‘டப்’ என்று மெலிந்த ஒலி, பின்னுதையும் இல்லை என்றால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கும். அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். துப்பாக்கியைக் காலி செய்து, குழலின் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் இன்னொரு தோட்டா ஏற்றக் கூடாது. ஒரே சிக்கல் திரும்பத் திரும்ப வந்தால் மேகசின்களுக்கு எண் எழுதி வையுங்கள். பல நேரம் கோளாறு துப்பாக்கியில் இருக்காது, மேல்விளிம்பு (உதடு) வளைந்த ஒரு மேகசினில் இருக்கும்.

முதல் நாளில் 50 முதல் 100 ரவுண்டு போதும். ஐந்து மீட்டர் தூரம், 15 செ.மீ. வட்டம், மேகசினில் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுத் தொடங்குங்கள். பிறகு வேறொருவரை மேகசின் நிரப்பச் சொல்லி, இடையில் ஒன்றிரண்டு வெடிக்காத போலித் தோட்டாக்களைக் கலக்கச் சொல்லுங்கள். போலி வரும்போது வெடிப்பு இல்லாமலே குழல்முனை கீழே குத்துகிறதென்றால் வெடிப்பை எதிர்பார்க்கிறீர்கள் என்று பொருள். வலக்கைக்காரரின் குண்டுகள் இடப்பக்கம் கீழே கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், சைட் அல்ல. தற்காப்புக்கு நம்புவதற்கு முன் குறைந்தது 200 பயிற்சித் தோட்டாவும், நீங்கள் உண்மையில் ஏற்றி வைக்கப்போகும் வகையில் 50-உம் தடங்கலின்றி ஓடியிருக்க வேண்டும்.

ஆகவே கையிலுள்ள பணம் முழுவதையும் துப்பாக்கிக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாதியை ஒதுக்கி வையுங்கள்: பயிற்சித் தோட்டா, நல்ல பயிற்றுநரிடம் ஒரு வகுப்பு, கண் கண்ணாடி, காது பாதுகாப்பு, பூட்டுப் பெட்டி, உறை. 9 மி.மீ. வெடிப்பு 160 டெசிபல் அளவில் இருக்கும். ஒரே வெடிப்பு காதை நிரந்தரமாகக் கெடுக்கப் போதுமானது. மூடிய சுடுதளத்தில் காதுக்குள் அடைப்பானும் அதன் மேல் மூடியும் இரண்டும் வேண்டும். உறை விசைக்காப்பு வளையத்தை முழுவதும் மூடும் விறைப்பான பொருளில் இருக்க வேண்டும். தளர்ந்த துணி உறை உள்ளே மடிந்து விசையை அழுத்தும். திருப்பி வைக்கும்போது அவசரமே இல்லை. கண்ணால் பார்த்துக்கொண்டு, சட்டை நுனியை விலக்கி, மெதுவாக. குழந்தைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியை உயரத்தில் ஒளித்து வைப்பது பாதுகாப்பு ஆகாது, பூட்டு மட்டுமே பாதுகாப்பு. தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகும் வெற்று விசைப் பயிற்சி செய்யும் அறையில் ஒரு உண்மைத் தோட்டாகூட இருக்கக் கூடாது.

சுட்டு வந்ததும் கையையும் முகத்தையும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாடு. பற்றுமருந்திலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது. எண்ணெயில் தாராளம் வேண்டாம். கிளாக்குக்குச் சில சொட்டுகள் போதும்: ஸ்லைடு ஓடும் தடங்கள், குழலின் மேற்புறம், உடற்சட்டத்தின் வலது பின்மூலையில் விசைத்தண்டும் கனெக்டர் என்ற சிறு தகடும் தொடும் இடம். கடைசி இடத்தைத்தான் பலர் மறக்கிறார்கள், விசை கரகரக்கத் தொடங்கும். எண்ணெய் வழியும் துப்பாக்கி கரியையும் தூசியையும் பிடித்துப் பசையாக்கிக்கொள்ளும். தோட்டாவை அடிக்கும் ஊசி ஓடும் துளைக்குள் எண்ணெய் விடவே கூடாது.

பழைய துப்பாக்கி வாங்குவதில் தவறில்லை, பார்த்து வாங்கினால். காலி என்று உறுதி செய்தபின் குழலை வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே இருண்ட வளையம் தெரிந்தால் குழல் எப்போதோ வீங்கியிருக்கிறது, விட்டுவிடுங்கள். ஸ்லைடை இழுத்து, விசையை அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு, மறுபடி ஸ்லைடை இழுத்து விட்டு, விசையை மெல்லத் தளர்த்தினால் ‘கிளிக்’ என்று மீளும் ஓசை கேட்க வேண்டும். ரிவால்வரில் விசையை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி சிலிண்டரை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டு அசைவு மிகச் சிறிதாக இருக்கலாம், முன்பின் அசைவு ஏறக்குறைய இருக்கவே கூடாது. முந்தைய உரிமையாளர் விசையைத் தானே அரத்தால் தேய்த்து லேசாக்கியிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.